அறுவதற்கென்று ஓர் இழை

சீனியம்மாளின் விரல்களைப் பற்றி ராஜபாளையத்தில் பல கதைகள் உலவுகின்றன. அவளோடு மில்லில் வேலை பார்த்த பெண்கள் கிளப்பிவிட்டவைதான் பெரும்பாலும். ஒரு வருஷம் ஐப்பசியில் மழை நூல் நூலாக இறங்கி, பாதி வானத்தில் அறுந்து நின்றுவிட்டதாம். சீனியம்மாள் மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பிடித்து, எச்சில் தொட்டு ஒரு திருகு திருகி ஒட்டிவிட்டாளாம். அந்த வருஷம் கண்மாய் மறுகால் பாய்ந்ததற்கு அதுதான் காரணமாம். இன்னொரு முறை, அறுந்து விழுந்த கரண்டுக் கம்பியையே முடிந்துவிட்டாள் என்பார்கள். அது பாதிதான் உண்மை. முடிந்தாள். ஆனால் அது கம்பி அல்ல, துணி காயப்போடும் கொடி.

அவள் நிஜமாகவே செய்துவந்த வேலையும் கதைக்குச் சளைத்ததல்ல. பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் என்கிற நீளமான இயந்திரத்தின் ஓரமாக ஷிஃப்ட் முழுக்க நடக்க வேண்டும். நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே போய், இயந்திரத்தை நிறுத்தாமலே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த வேலைக்குப் போனவள், நாற்பது வயதைத் தாண்டும்வரை நடந்தாள். அந்த நடையை நேராக நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வருகிற வழியில் திருச்செந்தூரிலும் இறங்கி ஏறலாம்.

மில்லுக்குள் இருக்கும் இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. பேச முடியாத இடத்தில் மனுஷிக்குக் கனவுதான் துணை. விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். அவற்றினூடே நடக்கும்போது, உலகத்தில் இருக்கிற எல்லாமே ஏதோவொரு நூலில் தொங்குவதாக அவளுக்குத் தோன்றும். மலை ஒரு நூலில், மதுரை பஸ் ஒரு நூலில், அவள் வீட்டுக்காரர் மாரிசெல்வம் சற்றே பிரிந்துபோன ஒரு நூலில். யாரோ ஒருத்தி எங்கேயோ விடாமல் நடந்து ஒட்டிக்கொண்டே இருப்பதால்தான் இவை எதுவும் கீழே விழாமல் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வாள்.

மில்லில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அறுந்த இழை பஞ்சின் குற்றம் அல்ல, காற்றின் குற்றம் அல்ல. அந்தப் பக்கம் நடக்கிறவளின் குற்றம். மேஸ்திரி வாயால்கூடத் திட்டமாட்டார். அறுந்து தொங்கும் இழையை விரலால் தொட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், அன்றைய சோறு இறங்காது.

மில் கைமாறியது. புது முதலாளி அவளுக்கு இரவு ஷிஃப்ட் மட்டும்தான் என்றார். தூக்கத்தை விற்க இஷ்டமில்லை என்று நின்றுவிட்டாள். பிறகுதான் ஊரில் தெரிந்த ஓர் அம்மா மூலமாக, அவர் மகன் கௌதம்ராஜிடம் ஒரு விசித்திரமான வேலை வந்தது. கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி வத்திராயிருப்புப் பாதையில், மலையைப் பார்த்துக் கிடக்கும் கரிசல் தரிசில் ஒரு மண் ஓடுபாதை. அங்கே கயிறு பார்க்க ஆள் வேண்டும்.

கௌதம்ராஜ் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பிள்ளை. அம்மாவோடு தெலுங்கு, ஊரோடு தமிழ், விமானத்தோடு இங்கிலீஷ் என்று மூன்று வாய் அவருக்கு. தகரக் கொட்டகைக்குள் இருந்த இரண்டையும் முதல் நாளே அவளுக்குக் காட்டினார். ஒன்று, முன்னால் விசிறி வைத்த சின்ன விமானம். இன்னொன்றுக்கு இறக்கை மட்டும் நீளமாக இருந்தது. என்ஜினும் இல்லை, ஆள் உட்கார இடமும் இல்லை. அதன் வயிற்றில் ஒரு குழாயைக் கட்டியிருந்தார்கள்.

"ராக்கெட்டு கீழ இருந்து கெளம்புதுல்ல சீனியம்மா, கனமான கீழ்க்காத்தக் கிழிச்சுட்டுப் போறதுக்குள்ளயே பாதி எண்ணெயக் குடிச்சுத் தீத்துரும். அதனால அத இந்த எறக்கக்காரன் வயித்துல கட்டி, விமானத்துல கயிறு போட்டு உசரத்துக்கு இழுத்துட்டுப் போயிருவோம். அங்கன வெச்சுக் கயித்த விட்டுட்டா, இவன் ராக்கெட்ட விட்டுட்டு மெதந்தே வீட்டுக்கு வந்துருவான்."

"அந்த விமானத்து முதுகுலயே தூக்கிட்டுப் போனா என்ன?"

"முதுகுல ஒரு மூட்டதான் தூக்கலாம். வண்டில கட்டி இழுத்தா மூணு மூட்ட போகும்ல?"

"சரி, வந்தவனை என்ன செய்வீக? ஒடச்சுப் பழைய சாமானுக்குப் போடுவீகளா?"

"மறுநாளும் கட்டுவோம். அதுக்குத்தான இம்புட்டுப் பாடும்! மத்தவங்க ஒவ்வொரு தடவையும் ஏணிய எரிச்சுட்டு ஏறுறாங்க. நாம ஏணியத் திரும்ப எடுத்துட்டு வரப் பாக்கோம்."

மறுநாளும் என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. இப்போது இருந்தது பழகுவதற்கான சின்ன வடிவம்தான். ராக்கெட்டுக்குப் பதில் அதே எடைக்கு மணல் நிரப்பிய குழாய். கொட்டகைக்காரர்கள் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சீனியம்மாள் அதைக் கன்னுக்குட்டி என்றாள். ஒரு வாரத்தில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதன்முதலாக அது பறந்ததைப் பார்த்தபோது அவள் ஓடுபாதையோரம் வாயைத் திறந்தபடி நின்றாள். விமானம் புழுதி கிளப்பி ஓடியது. தரையில் வளைந்து கிடந்த கயிறு தூக்கத்திலிருந்து எழுந்த பாம்பு போல நிமிர்ந்தது. கன்னுக்குட்டிதான் முதலில் தரையை விட்டது, பிறகே தாய். இரண்டும் மலைச் சரிவை ஒட்டி ஏற ஏற, கயிறு நூலாகி, நூல் இழையாகி, இழை வெறும் நினைப்பாகிக் காணாமல் போயிற்று. ஒன்றை ஒன்று இழுக்கிறது என்று தெரிந்த கண்ணுக்குத்தான் கயிறு தெரியும். அன்று மேகங்கள் ஊர் மில்லின் பஞ்சைப் போலவே ஏறுவதா இறங்குவதா என்று முடிவெடுக்காமல் மிதந்தன. இத்தனை வருஷம் கூரைக்கு அடியில் கண்ட கனவுக்கு யாரோ கூரையைக் கழற்றிவிட்டதாக அவளுக்குப் பட்டது.

விமானத்தை ஓட்டியது எலினா. வெளியூரில் பறக்கப் பழகிவிட்டு ஊருக்கே திரும்பி வந்த பெண். இருபத்தாறு வயது, இரண்டு ஆள் சாப்பாடு, நாலு ஆள் பேச்சு. கன்னுக்குட்டியைத் தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டியவன் கிளாட்வின்; பக்கத்து ஊரில் இன்ஜினியரிங் படித்தவன்.

கயிறு திரும்ப வந்து தரையில் விழுந்ததும் சீனியம்மாளின் வேலை தொடங்கும். முள்ளுக்குள்ளிருந்து அதை எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெருவிரலால் தடவிக்கொண்டே நடப்பாள். கயிறு நல்ல ஜாதிக் கயிறு. ஆனால் கன்னுக்குட்டியின் பக்க முனையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் ஒல்லியாக, நோயாளி போல ஒரு மஞ்சள் துண்டை இணைத்திருந்தார்கள்.

"இந்த நோஞ்சானை எதுக்குலே இதுல கோத்தீக?"

"அது வீக் லிங்க், அக்கா. அறுறதுக்குத்தான் வெச்சிருக்கு," என்றான் கிளாட்வின்.

சீனியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அறுறதுக்குன்னு எவனாவது நூல் கட்டுவானா? காலேசுல இதான் படிச்சியாக்கும்!"

அவனும் சிரித்தான். அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவன் நினைத்தான். அவன் கேலி செய்கிறான் என்று அவள் நினைத்தாள்.

அது அறவும் செய்தது. கன்னுக்குட்டி காற்றில் ஒரு பக்கமாகச் சுண்டினால் டக்கென்று அறும். குட்டி தானாக மிதந்து இறங்கும், கொட்டகைக்காரர்கள் கை தட்டுவார்கள், எலினா வந்து, "நோஞ்சான் பொழைக்க வெச்சுட்டான்" என்பாள். இதெல்லாம் தன் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் போடும் நாடகம் என்றே சீனியம்மாளுக்குத் தோன்றியது. மேஸ்திரி இல்லாத இடத்தில் அவளே மேஸ்திரியாகி, அறுந்த நுனியைத் தொட்டுத் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

ஆடிப்பூரம் முடிந்த மறுநாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தேர்க் கூட்டம் இன்னும் வடியவில்லை. பஸ்ஸுக்குள், முன்பு மில்லில் கூட இருந்த நாகஜோதி இவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி சீனி! அம்மாம் பெரிய தேரு நாலு வீதியும் சுத்தி நெலைக்கு வந்துருச்சு. வடம் அறல. ஒங்க கன்னுக்குட்டிக் கயிறு என்னைக்காவது முழுசா வந்துருக்காட்டி?"

"சும்மா கெட. அது ஆகாசத்துல போறது."

"ஆகாசத்துல போனா அறுமாக்கும்? மில்லுல ஒன் கைய அம்புட்டுப் பெருமையா பேசுவாகளே, எங்கட்டி போச்சு அந்தக் கை?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். சீனியம்மாள் கோபுரத்தைப் பார்க்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கௌதம்ராஜ் சொன்னார். மணல் குழாயை வானத்திலேயே கழற்றிவிட்டுக் கன்னுக்குட்டி முழுசாகத் திரும்பி வருவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அது நடந்தால்தான் பெரிய கன்னுக்குட்டி கட்ட வழி பிறக்கும்.

முந்தின நாள் பிற்பகல். எல்லோரும் விமானத்தைச் சுற்றி நிற்க, சீனியம்மாள் வேப்பமர நிழலில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். மேலக் காற்று மலையைத் தடவிவிட்டு வந்து அவள் மடியில் இறங்கியது. மலை உச்சியில் ஒரு மேகம் அவிழ்ந்து, நீளமாகி, முறுக்கேறி, மறுபடி அவிழ்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் நடக்கும்போது வருகிற அதே மயக்கம். கண் மேகத்தில் இருந்தது. கை மடியில் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் கீழே இறங்கியபோது, மஞ்சள் துண்டின் முறுக்கைப் பிரித்து, உள்ளே பெரிய கயிற்றின் இழைகள் இரண்டை ஓட்டி, மறுபடி மூடியிருந்தது கை. வெளியே பார்த்தால் அதே நோஞ்சான். உள்ளே பயில்வான்.

பிரித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஒட்டியதைப் பிரித்து அவளுக்குப் பழக்கமில்லை. நாளைக்கு அறாது என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பந்தல், நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். கிளாட்வின் கயிற்றைப் பார்த்தான். மஞ்சள் துண்டு புத்தம் புதிதாக இருக்கக் கண்டு தலையாட்டினான். எலினா ஏறும்போது, "அக்கா, மேல இருந்து ஒங்களுக்கு என்ன வாங்கிட்டு வர?" என்றாள்.

"நீ கயித்தோட முழுசா வாட்டி, போதும்."

விமானம் எழும்பியது. கன்னுக்குட்டி பின்னால் போயிற்று. தென்னந்தோப்பைத் தாண்டும்போது மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து கன்னுக்குட்டியின் அடிவயிற்றில் கைகொடுத்துத் தூக்கியது. அது விமானத்தைவிட உயரே போயிற்று. இன்னும் உயரே. கயிறு சாய்ந்து, விறைத்து, மூங்கில் போல நின்றது. அதன் ரீங்காரம் தரைவரை கேட்டதாகச் சீனியம்மாள் பிற்பாடு சொல்வாள். அதை மட்டும் நம்பலாம். காற்றாடி போலக் கன்னுக்குட்டி மேலே இழுத்த இழுப்பில் விமானத்தின் வால் தூக்கியது. மூக்கு தோப்பைப் பார்த்துக் கவிழ்ந்தது.

கிளாட்வினின் இடுப்பிலிருந்த ரேடியோ கரகரத்தது. "கிளாட்வின், வால் தூக்குது. என் பக்கத்துக் கொக்கி இறுகிருச்சு, கழல மாட்டேங்குது."

"செத்த பொறு எலினா. லிங்க் அறுந்துரும்." ரிமோட்டில் கன்னுக்குட்டியை அமுக்கப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுடைய பெருவிரல் கயிற்றை விடுகிற பொத்தானுக்கு அருகில் இருந்தது, மேலே அல்ல. இந்த உயரத்தில், இத்தனை மணலோடு, அவனாக அவிழ்த்துவிட்டால் கன்னுக்குட்டி திரும்பி வராது. இருப்பதோ ஒன்றே ஒன்று. அறுந்தே தீர வேண்டிய இழுப்பு வந்தால் லிங்க் தானே அறும், அதுவரை காப்பாற்றிப் பார்க்கலாம் என்று நம்பினான். "இப்ப அறுந்துரும். இந்தா, அறுந்துரும்."

சீனியம்மாள் அவன் வாயைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அறுறதுக்குத்தான் வெச்சிருக்கு என்றதும், கை தட்டியதும், நோஞ்சான் பொழைக்க வெச்சுட்டான் என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து ஒட்டிக்கொண்டன. எலினாவின் உயிர் அந்த ஒரு சாணில் இருந்தது. அந்த ஒரு சாண் அவள் கையில் இருந்துதான் போயிருந்தது.

"ஏலே, அது அறாதுலே!" பந்தல் மொத்தமும் திரும்பியது. "நான் உள்ள இழை ஓட்டிட்டேன்! அறவே அறாது! விட்ருலே, விட்ரு!"

கிளாட்வின் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பெருவிரல் இறங்கியது.

கயிறு விமானத்தின் பின்னால் துவண்டு விழுந்தது. விமானம் தோப்புக்குள்ளேயே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "தேவுடா, தேவுடா," என்று கௌதம்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். பயம் வந்தால் அவருக்கு அம்மாவின் பாஷைதான். தென்னை மட்டைகள் அலையடித்தன. பிறகு, மட்டைகளுக்கு மேலே, மறுபக்கத்தில், விமானம் மெதுவாக நிமிர்ந்து ஏறியது. கன்னுக்குட்டி இரண்டு முறை தள்ளாடி, மக்காச்சோளக் காட்டில் சாய்ந்து, ஒரு இறக்கையை முறித்துக்கொண்டது.

எலினா இறங்கி வந்து நேராக அவள் முன்னால் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"யாரு இழை ஓட்டுனது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"அறக் கூடாதுன்னு."

எலினா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி வந்தாள். "அது அறலைன்னா நான்தான்க்கா அறுவேன்," என்றாள். அதற்குமேல் அவளோடு பேசவில்லை.

வந்தவர்கள் இளநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அடுத்த முறை பறக்கும்போது சொல்லியனுப்புங்கள் என்று மரியாதைக்குச் சொன்னார்கள். மாலையில் சீனியம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கௌதம்ராஜிடம் போய், "நாளையிலருந்து வரல தம்பி," என்றாள். அவர் முறிந்த இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். கிளாட்வின்தான், "நானும்தான் பாத்தேன், இழுத்துப் பாக்கல," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அவள் வீட்டில் கிடந்தாள். மாரிசெல்வம் பயந்துபோகும் அளவுக்குச் சும்மா கிடந்தாள். கண்ணை மூடினால் தென்னை மட்டைகள் அலையடித்தன. சில கனவுகளில் விமானம் மேலே வந்தது. சில கனவுகளில் வரவில்லை.

கன்னுக்குட்டியின் இறக்கை ஒட்டி முடிகிற சமயத்தில், ஒரு நாள் மத்தியானம் எலினா ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தாள். "ஏறுங்க" என்று ஒரு சொல். வழியெல்லாம் பேச்சில்லை. கொட்டகைக்குள் உத்திரத்தில் ஒரு கொக்கி, அதில் மஞ்சள் துண்டு, அதன் கீழே ஒரு தட்டு.

"கல்ல ஏத்துங்க."

சீனியம்மாள் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். துண்டு விறைத்தது, லேசாகப் பாடியது, டக்கென்று அறுந்தது. அறுந்த மறுகணம் அவள் கை அதை ஒட்டப் பாய்ந்தது. எலினா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"ஒட்டாதீங்க! அடுத்தது."

பொழுது சாயும்வரை அறுத்தார்கள். முதலில் ஒவ்வொரு டக்குக்கும் சீனியம்மாளின் கை பாய்ந்தது. எலினா அடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அடிக்கும்போது சிரிப்பும் வந்தது. பொறுக்க மாட்டாமல் பேச்சும் வந்தது. கடைசியாக, சீனியம்மாள் அன்று இழை ஓட்டிய அந்தத் துண்டை மாட்டினாள். கற்கள் தீர்ந்தன. கிளாட்வின் தட்டில் ஏறி நின்றான். உத்திரம் முனகியது. துண்டு அசையவில்லை.

"பாத்தீங்களா? நல்ல வேலைதான். தப்பான எடத்துல," என்றாள் எலினா.

"இனிமே வேற ஆள வெச்சுக் கட்டுங்கட்டி. என் கை என் பேச்சக் கேக்காது."

"வேற ஆளுக்கு அது ஏன் அறணும்னு தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நீங்க கட்டுங்க, இவன் இழுத்துப் பாக்கட்டும். பொறவு நான் ஏறுறேன்."

புரட்டாசியில் ஒரு காலை. பந்தல் இல்லை, பெரிய ஆட்கள் இல்லை. சீனியம்மாள் மஞ்சள் துண்டைக் கோத்தாள். இன்னும் ஒரு திருகு, ஒரே ஒரு திருகு என்று விரல்கள் கெஞ்சின. கையை எடுத்துவிட்டாள். கிளாட்வின் இழுத்தும் பார்த்தான், தடவியும் பார்த்தான். எலினா ஏறினாள், ஏறும்போது ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

சீனியம்மாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தாயும் கன்றும் தோப்பைத் தாண்டின. மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கன்னுக்குட்டி மேலே எழும்பியது. கயிறு விறைக்கத் தொடங்கியது. தொடைக்கு அடியில் விரல்கள் புழுப்போல நெளிந்தன. "அறணும்னா அறு," என்று அவள் வாய்க்குள் சொன்னாள். வாழ்நாளில் ஓர் இழையிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. "என் மேல பழி வராது. நீ பாட்டுக்கு அறு."

அறவில்லை. காற்று மனசை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போயிற்று. இரண்டும் ஏறின. கயிறு நூலாகி, இல்லாமலே ஆனது. கிளாட்வின் தரையில் பொத்தானை அமுக்க, நீலத்துக்குள் எங்கேயோ கன்று தாயை விட்டு விலகியது; அதன் வயிற்றிலிருந்து மணல் குழாய் கழன்று, தரிசில் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்து புழுதி எழுப்பியது. எடை குறைந்த கன்னுக்குட்டி துள்ளி ஒரு படி மேலே போய், அவசரமே இல்லாமல், மலையின் நிழலில் சுற்றிச் சுற்றி இறங்க ஆரம்பித்தது. கௌதம்ராஜ் மூன்று பாஷையிலும் கத்தினார்.

எலினா தாழப் பறந்து வந்து கயிற்றைப் போட்டாள். அது வளைந்து நெளிந்து, காற்றோடு கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டில் போய் விழுந்தது.

"ஏட்டி, முள்ளுல போட்டுட்டியேட்டி!" என்று வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே, மரத்துப்போன கைகளை உதறியபடி, சீனியம்மாள் அதை எடுக்க நடந்தாள்.